மெயினை இறக்குறதுக்கு முன்னாடி பாட்டியைக் கேட்டீங்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க மக்களே.

கோடை லீவு விட்டாலே இந்த மாதிரி வீடியோக்கள் வர ஆரம்பிச்சுடும். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, ஒரு பாட்டி. காலை 6 மணிக்கு அப்பா மெயின் சுவிட்சை இறக்குறார். "இன்னைக்கு ஒரு நாள் நம்ம முன்னோர் மாதிரி கரண்ட் இல்லாம வாழப் போறோம்." அப்புறம் பனையோலை விசிறி, அம்மி, அகல் விளக்கு, மொட்டை மாடியில நிலாச் சோறு. கீழே ஹார்ட்டா கொட்டுது.

(அந்த வீடியோவை எடுத்த போன் மட்டும் முந்தின ராத்திரியே ஃபுல் சார்ஜ் ஏறியிருக்கும். அது போகட்டும்.)

குடும்பமா ஒரு நாள் திரை இல்லாம இருக்கிறதை நான் குறை சொல்லவே இல்லை. படுக்கப் போற நேரத்துல கண்ணுக்கு முன்னாடி எரியுற வெளிச்சம், தூக்கத்தைக் கொண்டு வர்ற மெலடோனின் சுரப்பைத் தள்ளிப் போடும். அதனால போனை அணைங்க. டிவியை அணைங்க. வைஃபையைப் பிடுங்கிப் போடுங்க. ஆனா அதுக்காக ஃபேனையும் ஃபிரிட்ஜையும் எதுக்குங்க சேர்த்து அணைக்கணும்? அவை என்ன பாவம் பண்ணுச்சு?

"முன்னோர் கரண்ட் இல்லாமலே ஆரோக்கியமா இருந்தாங்க" என்பதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம்.

நாடு சுதந்திரம் வாங்கின காலத்துல இந்தியர்களோட சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். எல்லாரும் 32 வயசுல இறந்தாங்கன்னு அர்த்தமில்லை. பிறந்த பிள்ளைகள் கொத்துக் கொத்தா இறந்ததால கீழே இறங்கின சராசரி அது. இன்னைக்கு எடை குறைஞ்சு பிறக்கிற குழந்தைக்கு வார்மர், மஞ்சள் காமாலை வந்த பச்சிளங்குழந்தைக்கு நீல விளக்கு சிகிச்சை, 2 முதல் 8 டிகிரிக்குள்ள காக்க வேண்டிய தடுப்பூசி, எல்லாம் ஓடுறது கரண்ட்ல. நீங்க பார்த்த முன்னோர் பிழைச்சு வந்தவங்க. பிழைக்காதவங்களை நீங்க போட்டோவில கூடப் பார்த்திருக்க மாட்டீங்க.

இப்போ பாட்டிக்கு வருவோம். வீடியோவில ஓரமா உட்கார்ந்து சிரிக்கிறாரே, அவருக்கு.

வியர்வை ஆவியானாத்தான் உடம்புச் சூடு இறங்கும். அதுக்குக் காற்று ஓடணும். வயசானவங்களுக்கு வியர்வை குறையும், தாகமும் சரியாத் தெரியாது. பிபிக்கோ இதயத்துக்கோ நீர் பிரியுற மாத்திரை வேற சாப்பிடுவாங்க. முன்னோர் இருந்தது திண்ணையும் முற்றமும் வச்ச ஓட்டு வீடு. நீங்க இருக்கிறது ரெண்டாவது மாடி கான்கிரீட் பெட்டி. மே மாச மத்தியானம் அதுல ஃபேனை நிறுத்தினா அது அடுப்பு. உடம்பு அனலாக் கொதிச்சு, பேச்சு குழறி, ஆள் குழப்பமானா அது வெப்ப வாதம். நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108-ஐக் கூப்பிடணும். அது மணிக்கணக்குல உயிரை எடுக்கும் விஷயம்.

அவருக்கு இன்சுலின் இருந்தா? பதற வேண்டாம். பயன்பாட்டில் இருக்கிற இன்சுலின் 30 டிகிரிக்கு மேல போகாத இடத்துல சுமார் 4 வாரம் தாங்கும். ஈர மணல் போட்ட மண்பானைக்குள்ள வைக்கலாம். ஆனா நம்ம ஊர் மேயில அறைக்குள்ளேயே 30-ஐத் தாண்டும்னு ஞாபகம் இருக்கட்டும். மீன் குழம்புக்கு அந்தச் சலுகையும் கிடையாது. திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிர்ச்சியைப் பிடிச்சு வைக்கும்.

அகல் விளக்கு கண்ணுக்கு அழகு. சிந்தெடிக் புடவை முந்தானை அதுல பட்டா என்ன ஆகும்னு தீக்காய வார்டுல கேளுங்க. அரிக்கேனுக்கு வாங்கின மண்ணெண்ணெயைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கிறதும், அதைக் குழந்தை குடிச்சிடுறதும் எங்க எல்லாருக்கும் பழகின கேஸ். அப்படி நடந்தா வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாந்தியோட எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா. நேரா ஆஸ்பத்திரி வாங்க. முடியாமப் போய் ஜெனரேட்டர் போடுறவங்க அதை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கிட்டு இருக்கும்போதே ஆளை முடிச்சிடும்.

இன்னொன்னையும் கவனிச்சீங்களா? மெயினை இறக்கினது அப்பா. அம்மியில அரைச்சது யாரு? மோட்டார் ஓடாததால கீழே இருந்து தண்ணி தூக்கினது யாரு? துணி துவைச்சது? 2011-ல அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தப்போ "இலவசம்"னு கேலி பண்ணவங்க நிறைய. தோள்பட்டையும் இடுப்பும் போச்சுன்னு ஓபி சீட்டோட வர்ற அம்மாக்களைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்தக் கேலி ஒட்டவே இல்லை.

கரண்ட் இல்லாத நாள் எப்படி இருக்கும்னு தெரியணுமா? 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்தவங்களைக் கேளுங்க. கம்பம் எல்லாம் சாய்ஞ்சு, வாரக்கணக்குல இருட்டு. குடிதண்ணி ஏத்த மோட்டார் இல்லை, கொசுவை விரட்ட ஃபேன் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்னா முதல்ல போன்ல சார்ஜ் இருக்கணும். அவங்களுக்கு சாயங்காலம் 6 மணிக்கு மேலே தூக்கிவிட ஒரு மெயின் சுவிட்ச் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் செய்யணும்னா, மார்கழியில செய்யுங்க. பாட்டி ரூம் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடட்டும். விளக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும். போன் எல்லாம் பீரோவுக்குள்ள போகட்டும், வீடியோ எடுக்கிற போனும் சேர்த்து.

அம்மியில அரைக்கிறது அப்பா.