கார் நாற்றத்துக்கு பெர்ஃப்யூம்தான் தீர்வா? முதலில் மேட்டைத் தூக்கிப் பாருங்க!

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவை அழைத்துக்கொண்டு வேளச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குக் கிளம்பினேன். செங்கல்பட்டைத் தொடுவதற்குள், "வண்டியை ஓரமா நிறுத்துடா" என்றார் அம்மா. இறங்கியதும் வாந்தி எடுத்துவிட்டார்.

"ஏசி ஒத்துக்கலையாம்மா?"

"ஏசி எல்லாம் இல்லடா. உள்ள ஈரத்துணி நாத்தம் அடிக்குது. அதுமேல உன் சென்ட் வாசனை வேற."

என் காரில் அப்போது மூன்று பெர்ஃப்யூம் இருந்தன. டேஷ்போர்டில் ஒரு ஜெல் டப்பா, ஏசி வென்ட்டில் ஒரு கிளிப், கண்ணாடியில் தொங்கும் ஒரு வாசனை அட்டை. ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்று வாங்கி, அதுவும் போதாமல் மூன்றாவது. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூடத் தேடிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக முன்பக்க இடது சீட்டின் கால் வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். தண்ணீர் மேலே வந்தது. "ஏசி தண்ணி வெளிய போற பைப் அடைச்சிருக்கு தம்பி. சென்ட்டுக்குச் செலவு பண்ண காசுல இதைப் பத்து தடவை சுத்தம் பண்ணியிருக்கலாம்" என்றார்.

அடைப்பை எடுக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. கார்ப்பெட் காய நான்கு நாள் ஆனது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. காருக்குள் வரும் நாற்றம் ஒரு தகவல். எங்கோ ஏதோ நனைந்திருக்கிறது, கசிகிறது, அழுகுகிறது அல்லது கருகுகிறது என்ற தகவல். பெர்ஃப்யூம் மாட்டும்போது அந்தத் தகவலைத்தான் மறைக்கிறோம். காரணம் அங்கேயே இருக்கும்.

நாற்றம் எங்கே உருவாகிறது?

பெரும்பாலான கார்களில் குற்றவாளி ஈரம்தான். அந்த ஈரம் மூன்று வழிகளில் உள்ளே சேர்கிறது.

முதலாவது ஏசி. டேஷ்போர்டுக்குள் இவாப்பரேட்டர் என்ற ஒரு பாகம் இருக்கிறது. ஏசி ஓடும்போது அது சில்லென்று ஆகும். ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதுபோல, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படியும். அந்தத் தண்ணீர் ஒரு சின்ன ஹோஸ் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். நிறுத்திய காருக்குக் கீழே குட்டியாகத் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். ஹோஸ் மண்ணாலோ தூசியாலோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே இறங்கும். ஹோஸ் சரியாக இருந்தாலும், ஏசியை நிறுத்தியதும் இவாப்பரேட்டர் ஈரமாக, இருட்டில், தூசியோடு இருக்கிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது.

இரண்டாவது மழை. முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே, பானெட் ஓரத்தில், தண்ணீர் வடிய வழி இருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்தும் கார்களில் அங்கே இலையும் பூவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கதவு ரப்பர் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். சன்ரூஃப் உள்ள கார்களில், அதைச் சுற்றியுள்ள வடிகால் குழாய்கள் அடைத்தால் தண்ணீர் கூரை வழியாகவே இறங்கும்.

மூன்றாவது வழிதான் கொஞ்சம் சங்கடமானது. சுத்தம் செய்வதாலேயே வரும் ஈரம். ஆயுத பூஜைக்குக் காரைக் குளிப்பாட்டி, உள்ளேயும் தண்ணீர் அடித்து, சீட்டை ஷாம்பூ போட்டுத் தேய்த்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வருகிறோம். சீட்டுக்கு அடியில் சிந்திய பொரியும் பொட்டுக்கடலையும் தனிக்கணக்கு. அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. கண்ணாடியை இறக்கவே முடியாது. கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனாக ஃபோம் இருக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் ஸ்பாஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். "இன்டீரியர் கிளீனிங்" முடிந்து ஒரு மணி நேரத்தில் சாவியைக் கையில் கொடுக்கும் கடைகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எப்படிக் காய வைச்சீங்க?"

நமக்கு ஏன் தெரிவதில்லை?

ஒரே வாசனையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். தினமும் ஓட்டுகிறவருக்குத் தன் காரின் நாற்றம் கடைசியாகத்தான் தெரியும். அதனால் நம்மிடமே கேட்டுப் பயனில்லை. அபூர்வமாக உங்கள் காரில் ஏறும் ஒருவரிடம் கேளுங்கள். மரியாதைக்காகப் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். எனக்கு அம்மா கிடைத்தார்.

எந்த நாற்றம் என்ன சொல்கிறது?

• ஏசி போட்டதும் ஈரத்துணி அல்லது ஊறவைத்த சாக்ஸ் வாடை: இவாப்பரேட்டரில் பூஞ்சை, அல்லது அழுக்கேறிய கேபின் ஃபில்டர்.

• எப்போதும் இருக்கும் முக்கல் வாடை: கார்ப்பெட் அடியில் தண்ணீர். நான்கு பக்கமும் மேட்டைத் தூக்கி அழுத்திப் பாருங்கள்.

• புளித்த வாடை: சிந்திய பால், மோர், குழந்தையின் வாந்தி. வெயிலில் கார் நின்றால் அதிகமாகும்.

• அழுகிய மாமிச வாடை: எலி. பானெட்டுக்குள்ளோ ஏசி குழாய்க்குள்ளோ செத்திருக்கலாம். மீன் மார்க்கெட் போய்வந்திருந்தால் முதலில் டிக்கியைப் பாருங்கள்.

• இனிப்பான வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம்: கூலன்ட் கசிவு. உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

• பெட்ரோல் வாடை, வயர் கருகும் வாடை: ஓட்டுவதை நிறுத்துங்கள். இது தீ விபத்துக்கான எச்சரிக்கை.

• அழுகிய முட்டை வாடை: சைலன்ஸர் பக்கம் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பிரச்சினையாக இருக்கலாம், பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆனாலும் வரும்.

• புகை வாடை: மிகவும் ஆபத்தானது இதுதான். எக்ஸாஸ்ட் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதோடு சேர்ந்து வரும் மற்ற வாடைகள் நமக்குக் கிடைக்கும் ஒரு துப்பு. அதைப் பெர்ஃப்யூமால் மூடிவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கக் கூடியவை. மூக்கை மறைக்காமல் இருந்தால் போதும்.

சரி, எப்படிப் போக்குவது?

*முதலில் காரணத்தைத் தேடுங்கள்.* நல்ல வெளிச்சத்தில் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து, மேட் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சீட்டுக்கு அடியில், சீட் இடுக்கில், ஸ்டெப்னி டயர் இருக்கும் பள்ளத்தில் பாருங்கள். பிறகு ஏசியைப் போட்டு 15 நிமிடம் விடுங்கள். சென்னை மாதிரி ஈரப்பதமான ஊரில் காருக்கு அடியில் கண்டிப்பாகத் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவே இல்லை, முன்பக்கக் கார்ப்பெட்டும் ஈரமாக இருக்கிறது என்றால் ஹோஸ் அடைத்திருக்கிறது.

*அடுத்தது குப்பை.* வாக்யூம் கிளீனரால் உலர்ந்த தூசியை முழுவதுமாக எடுத்த பிறகே ஈரத்துணி. வரிசையை மாற்றினால் தூசி சேறாகி இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும்.

*பால், வாந்தி சிந்தியிருந்தால்* தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். வெந்நீர் வேண்டாம், பாலில் உள்ள புரதம் துணியில் இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். பிறகு என்ஸைம் கிளீனர் கிடைத்தால் நல்லது. கறையில் உள்ள புரதத்தையே உடைக்கக் கூடியது அது. இல்லையென்றால், கறை காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி ஒரு இரவு விட்டு, காலையில் வாக்யூம் செய்யுங்கள். புளித்த வாடைக்குக் காரணமான அமிலங்களை அது சமன்படுத்தும்.

*கேபின் ஃபில்டரை மாற்றுங்கள்.* பெரும்பாலான கார்களில் இது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சாதாரணமாக வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. சில பழைய, அடிப்படை மாடல்களில் ஃபில்டரே இருக்காது, அதற்கான இடம் மட்டும் காலியாக இருக்கும். ஃபில்டர் புதிது, ஆனாலும் வாடை போகவில்லை என்றால் இவாப்பரேட்டரைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

*கடைசியாக, காய வையுங்கள்.* இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி அடியில் பழைய செய்தித்தாளைச் செருகி, நனைந்ததும் மாற்றுங்கள். வெயில் இருந்தால் கதவைத் திறந்து போடுங்கள். மழைக்காலம் என்றால் மூடிய பார்க்கிங்கில் டேபிள் ஃபேன். பொறுமை வேண்டும். ஒரே நாளில் முடியாது.

இனி வராமல் இருக்க ஒரு சின்னப் பழக்கம்: வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். இவாப்பரேட்டர் காய்ந்துவிடும். எப்போதும் உள்காற்று மோடிலேயே ஓட்டாமல், அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விடுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

அந்துருண்டை போடாதீர்கள். எலி வராது என்று பலர் போடுகிறார்கள். அதில் இருக்கும் நாப்தலின் ஆவி உடலுக்குக் கெடுதல், கைக்குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாக. வெளியே 35 டிகிரி என்றால், வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் அது எவ்வளவு ஆவியாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். குளோரின் வாயு வரும். சீட்டுக்கு அடியில் வாளியால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏர்பேக், சீட் பெல்ட் வயர்கள் அங்கேதான் போகின்றன. மூடிய காருக்குள் சாம்பிராணி போட்டால் வாசனை ஒரு நாள், கூரைத் துணியில் புகை வாடை ஒரு மாதம்.

பழைய கார் வாங்கப் போறீங்களா?

இந்த இடத்தில் பெர்ஃப்யூம் வெறும் ரசனை விஷயமாக இருப்பதில்லை, பண விஷயமாகிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நாம் பார்த்தோம். அவற்றில் சில சுத்தம் செய்யப்பட்டு மறுபடி விற்பனைக்கு வருகின்றன. மூழ்கிய கார் என்று சொல்லி யாரும் விற்பதில்லை.

அதனால் பழைய காரைப் பார்க்கப் போகும்போது உள்ளே வாசனை தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். ஏசியைப் போட்டு முதல் காற்றை முகருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். சீட் நகரும் கம்பியில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்பாக பாலிஷ் போடுகிறவர்கள் இந்த இடங்களை மறந்துவிடுவார்கள்.

கடைசியா ஒரு விஷயம்

ஆப்பில் புக் செய்த டாக்ஸியில் ஏறி, மூக்கைச் சுளித்து, இறங்கும்போது ஸ்டாரைக் குறைத்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் யோசிக்கிறேன். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் அந்தக் காரிலேயே இருக்கிறவர், அதிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிறவர், மழையில் நனைந்த இருபது பேரை ஏற்றி இறக்குகிறவர். காரைக் காய வைக்க அவருக்கு நான்கு நாள் கிடைக்காது. அந்த நான்கு நாளும் வருமானம் இல்லை. அதனால் அவரும் நான் செய்ததைத்தான் செய்கிறார். சிக்னலில் விற்கும் பெர்ஃப்யூமை வாங்கி மாட்டுகிறார்.

அவருக்கு ஸ்டாரைக் குறைப்பதைவிட, "அண்ணே, முன்சீட் மேட்டைத் தூக்கிப் பாருங்க, ஏசி தண்ணி உள்ள இறங்குதான்னு" என்று சொல்வது உதவியாக இருக்கும். போன மாதம் ஒருவரிடம் சொன்னேன். கிண்டி சிக்னலில் நிற்கும்போதே குனிந்து கையை வைத்துப் பார்த்தார். "ஆமா தம்பி, ஈரமாத்தான் இருக்கு" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரிலும் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். பெர்ஃப்யூமை அப்புறம் வாங்கிக்கலாம்.