ஆர்ஜிதம் என்றால் சம்பாதிப்பதா, பிடுங்குவதா?



'அக்வயர்' என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் 'பெறுதல், அடைதல், ஈட்டுதல்' என்று அர்த்தம் சொல்லும். அறிவை அடைவதற்கும், காசு கொடுத்துச் சொத்து வாங்குவதற்கும் இதே வார்த்தைதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நிலத்தோடு சேர்ந்து நோட்டீசாக நம்ம வீட்டுக்கு வரும்போது, 'நீ சம்மதித்தாலும் எடுப்பேன், சம்மதிக்காவிட்டாலும் எடுப்பேன்' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இதற்குத் தமிழில் 'நில ஆர்ஜிதம்' என்று பேர் வைத்தார்கள். உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'எனது சுயார்ஜித சொத்து' என்று எழுதியிருக்கும். நான் பாடுபட்டுச் சம்பாதித்தது என்று பொருள். கடன்பட்டுக் கிணறு வெட்டியது நாம். நிலக்கோட்டையில் மல்லிகையும் ஒட்டன்சத்திரத்தில் காய்கறியும் விளைய வைத்தது நாம். ஆர்ஜிதம் செய்தது அவர்களாம்! 'நில எடுப்பு' என்றும் எழுதுகிறார்கள். அதுவாவது உள்ளதைச் சொல்கிறது.

கிரயம் என்றால் விற்பவன் சம்மதிக்க வேண்டும். ஆர்ஜிதத்துக்கு அது வேண்டாம் என்றது வெள்ளைக்காரன் போட்ட 1894-ஆம் வருடச் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2013-ஆம் வருடச் சட்டம் 1.1.2014 முதல் அமலில் இருக்கிறது. தனியார் கம்பெனிக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதமும், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதமும் சம்மதிக்க வேண்டும். அரசு தனக்கே எடுத்தால் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்திலும், தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்கச் சட்டத்திலும், 2001 நெடுஞ்சாலைச் சட்டத்திலும் இந்தச் சம்மதப் பேச்சே கிடையாது. அந்த மாநிலச் சட்டங்களின்படி நிலம் எடுப்பது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே நோட்டீசு வந்தால் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். எந்தச் சட்டப்படி வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2013 சட்டம் என்றால், முதல் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 21 நாள்தான். எழுத்து மூலம் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். கிணறு, போர், மரம், பைப் லைன் எதையும் விடாமல் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள்.

2013 சட்டப்படி பணம் வாங்கும்போது 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதாமல் வாங்கினால், தொகை போதாது என்று பிறகு மேலே போக வழி அடைபடும். இந்த ஒரு வரியில் பல லட்சம் தொங்குகிறது.

குத்தகைக்காரர்களே, வாரதாரர்களே, விவசாயக் கூலித் தோழர்களே! எடுப்புக்கு முந்தைய மூன்று வருடம் அந்த நிலமே உங்கள் முக்கிய பிழைப்பாக இருந்தால், பட்டா இல்லாவிட்டாலும் 2013 சட்டம் உங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே சொல்கிறது. ஒதுங்கி நிற்காதீர்கள்.

ரோடு வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எங்களைக் கேட்டுவிட்டு எடு என்கிறோம். எந்தச் சட்டமானாலும் உழுகிறவன் சம்மதம் கட்டாயம் என்று ஆக வேண்டும். அதுவரை ஓயமாட்டோம்.

சம்மதம் இல்லாமல் சாகுபடி நிலத்தைத் தொடாதே!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்,
திண்டுக்கல்.