இல்ல நலம்: முகத்துக்கு ஏற்ற பிளேடு

நாள்தோறும் ஆடவர் செய்துகொள்ளும் சிறு கடமைகளுள் முகச்சவரமும் ஒன்று. சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலையாதலின் அதனைப் பற்றி எவரும் ஆழ்ந்து எண்ணுவதில்லை. ஆயினும், காலையில் வேலைக்குப் புறப்படும் வேளையில் கன்னத்தில் எரிச்சலும், கழுத்தில் சிவந்த பருக்களும், மோவாயில் இரத்தக் கீறலுமாக நிற்பவர் நம்மிடையே பலர். மீசை அரும்பும் இளைஞர்க்கோ இத்தொல்லை இன்னும் மிகுதி. "எந்த பிளேடு நல்லது?" என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுவது இதனால்தான். இத்திங்கள் அவ்வினாவை ஆராய்வோம்.

விடையை முதலிலேயே கூறிவிடலாம். எல்லார் முகத்துக்கும் பொருந்தும் பிளேடு என்று ஒன்று இல்லை. ஒருவர்க்கு வழுவழுவென்று செல்லும் பிளேடு மற்றொருவர்க்கு முள்ளாய்க் குத்தும். ரோமத்தின் தடிப்பு, தோலின் மென்மை, கையிலுள்ள ரேசரின் அமைப்பு, சவரம் செய்யும் முறை ஆகிய நான்கும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஆகவே பிறர் சொல்லை மட்டும் நம்பி வாங்குவதினும், தத்தம் முகத்தில் முறையாகச் சோதித்துத் தேர்வதே தக்கது.

இருபுறமும் கூருடைய இந்த மெல்லிய பிளேடு அமெரிக்காவில் பிறந்தது. புட்டி மூடி விற்பனையாளராக இருந்த கிங் கேம்ப் ஜில்லெட் என்பார், தீட்டித் தீட்டிப் பயன்படுத்த வேண்டிய சவரக்கத்திக்கு மாற்றாக, மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க தகடு ஒன்றைச் செய்ய விரும்பினார். அதற்கான இயந்திரங்களை அமைத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறிஞர். 1903-ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்க்கு ரேசர்கள் வழங்கப்பட்டன. அதன் பின்னர் இப்பழக்கம் விரைந்து பரவிற்று. அக்காலப் பிளேடுகள் எளிதில் துருப்பிடிக்கும் எஃகினால் ஆனவை. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகுப் பிளேடைப் பரவச் செய்தபின், ஒரே பிளேடைப் பலமுறை பயன்படுத்தும் நிலை உண்டாயிற்று. நம் நாட்டில் டோபாஸ், பனாமா முதலிய பெயர்கள் முதியோர்க்கு நன்கு தெரிந்தவை. செவன் ஓ கிளாக் என்னும் பெயரை இளையோரும் அறிவர்.

இன்றைய பிளேடின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே. குரோமியம் கலந்த எஃகைத் தீட்டிக் கூராக்கி, அக்கூரின்மேல் குரோமியம், பிளாட்டினம் போன்ற உலோகங்களை மிக மெல்லியதாகப் படியச் செய்கின்றனர். அதற்கும் மேலே, நம் அடுக்களையில் ஒட்டாத தோசைக்கல்லின்மீது பூசப்படும் அதே வகைப் பூச்சு இடப்படுகிறது. தோலின்மேல் பிளேடு வழுக்கிச் செல்வது இப்பூச்சினால். ஆதலின் சவரம் முடிந்தபின் பிளேடைத் துண்டினால் துடைத்தல் கூடாது. துடைத்தால் பூச்சு கெடும், விரலும் அறுபடும். நீரில் அலசி, உதறி, உலரவிட்டால் போதும்.

பிளேடு மழுங்குவது எப்படி என்பதும் அறியத்தக்கது. எஃகைவிட ரோமம் ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அவ்வாறிருக்க, ரோமம் எஃகை எவ்வாறு கெடுக்கும்? 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூட ஆய்வாளர்கள் இதனை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தனர். கூர் சிறிது சிறிதாகத் தேய்வதைவிட, சில இடங்களில் நுண்ணிய சில்லுகளாகப் பெயர்வதையே அவர்கள் கண்டனர். எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இல்லாத இடத்தில், ரோமம் சாய்வாக வந்து மோதும்போது இது நிகழ்கிறதாம். எனவே பழைய பிளேடின் ஓரம், கண்ணுக்குத் தெரியாத வாள்பல் போன்றது. அது ரோமத்தை வெட்டாமல் இழுக்கும். இழுக்கவே நாம் அழுத்துவோம். அழுத்தவே தோல் கீறும். பிளேடு மிகக் கூர்மையாக இருப்பதால் மட்டுமே காயம் வரும் என்று அஞ்சுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

இனித் தேர்வு முறை. கடையில் நான்கைந்து வகைச் சிறு பொட்டலங்களை வாங்கிக்கொள்ளுங்கள். உறை பிரிக்கப்படாதவையாக இருத்தல் இன்றியமையாதது. ஒரு வகையை எடுத்து மூன்று அல்லது நான்கு சவரம் செய்து பாருங்கள். அந்நாட்களில் ரேசர், சோப்பு, நீர் ஆகிய எதனையும் மாற்றாதீர்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் நன்மை வந்தது என்பது விளங்காது. முதற்சவரத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறவும் வேண்டா. சில பிளேடுகள் இரண்டாம் நாளில்தான் இதமாகச் செல்லும். ரோமம் இழுபட்டதா, கழுவியபின் எரிச்சல் நின்றதா, மறுநாள் கழுத்தில் பரு எழுந்ததா என்னும் மூன்றையும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு திங்களில் உங்கள் பிளேடு எதுவென்று தெளிவாகிவிடும்.

அடர்ந்து தடித்த தாடியுடையோர்க்குப் பெரும்பாலும் கூர் மிக்க வகை உதவும்; ஜப்பானின் ஃபெதர் அத்தகைய கூர்மைக்குப் பெயர் பெற்றது. அரும்பு மீசையும் மென்தோலும் உடைய இளைஞர்க்கு இதமான வகையே போதும். சுருண்ட ரோமமுடையோர் ரோமம் வளரும் திசையிலேயே வழித்தல் நலம். எதிர்த்து வழித்தால் ரோமம் தோலுக்குள்ளேயே மடங்கிப் பருவாகும். விலையையும் எண்ணத்தான் வேண்டும். பொட்டலத்தின் விலையை மட்டும் பாராது, இதமாகக் கிடைத்த சவரங்களின் எண்ணிக்கையால் அதனை வகுத்துப் பாருங்கள். மலிவான பிளேடு சிலபோது செலவு மிக்கதாக முடியும்.

பிளேடின்மேல் பழி போடுமுன் நீரையும் சோப்பையும் நோக்குதல் முறை. மைசூரில் காவிரி நீர் வரும் தெருக்களும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் புறநகர்க் குடியிருப்புகளும் உண்டு. கிணற்று நீர் கடினமாயின் சோப்பு நுரைக்காது திரியும். அந்நீரைக் கொதிக்கவைத்து, தெளிந்தபின் பயன்படுத்தினால் கடினம் ஓரளவு குறையும். சவரத்துக்கு முன் வெந்நீரால் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனைத்துவைத்தால் ரோமம் நீரை ஏற்று மென்மையாகும். முதல் உலகப் போர்க் காலத்தில் சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கிய இவ்வூரில், சந்தன சோப்பின்மீது எல்லார்க்கும் பற்று உண்டு. அது குளியலுக்கு உரியது. சவரத்துக்கென்று செய்யப்படும் சோப்பே நிலைத்த நுரை தரும்.

நம்மவர் பலர் ஒரு கிண்ணத் தண்ணீரில் சவரத்தை முடிப்பவர். இதில் குறைவொன்றும் இல்லை. ஜில்லெட் நிறுவனம் 2002-இல் இந்தியாவுக்கென்று கொணர்ந்த ரேசர் ஒன்றை, அமெரிக்காவில் பயிலும் இந்திய மாணவரைக் கொண்டு சோதித்தது. அங்கே குழாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. இங்கோ கிண்ணத்து நீரில் அலசியபோது ரோமம் அடைத்துக்கொண்டது, ரேசரும் எடுபடவில்லை. பின்னர் அந்நிறுவனத்தார் நம் நாட்டு இல்லங்களுக்கே வந்து பார்த்து, 2010-இல் எளிதில் அலசத்தக்க ஒற்றை பிளேடு ரேசரை வெளியிட்டனர். திருகைத் தளர்த்திக் கழுவத்தக்க பழைய இருபுறக்கூர் ரேசருக்கு இத்தொல்லை இல்லை. நீர் குறைந்த வீட்டுக்கு அது இன்றும் ஏற்றதே.

மேற்கூறியவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஒருவர் பிளேடை மற்றொருவர் தொடலாகாது. தந்தையும் மகனுமாயினும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியின் வாயிலாகக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பரவக்கூடும். அது உடலுக்கு வெளியே ஏழு நாள் வரையேனும் உயிரோடு இருக்கும். சலூனுக்குச் செல்வோர் தம் கண்முன்னே புது பிளேடைப் பிரித்துப் பொருத்தச் சொல்லுதல் வேண்டும். கன்னடம் இன்னும் கைவராதவர், "ஹொஸ பிளேட் ஹாகி" என்று சொன்னால் போதும். "புது பிளேடு போடுங்கள்" என்பது அதன் பொருள். நீரிழிவு உள்ள முதியோர் சிறு கீறலையும் அசட்டை செய்யாது கழுவி, ஆறுகிறதா என்று கவனித்து வருதல் நன்று.

பழைய பிளேடு நம் கையை விட்டகன்றபின் யார் கையில் படுகிறது என்பதையும் எண்ணுவோமாக. 2015-ஆம் ஆண்டின் தூய்மைப் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது இந்நகரம். அப்பெருமையை ஈட்டித் தந்தவர் விடியற்காலையில் தெருத் தெருவாக வரும் பௌரகார்மிகர். காய்கறித் தோலோடு நாம் எறியும் பிளேடு அவர் விரலை அறுக்கும். அவர்க்கு அது ஒரு நாள் கூலிக்கும் ஊறாகலாம். ஒரு பழைய தகரப் புட்டியின் மூடியில் சிறு பிளவு செய்து, தேய்ந்த பிளேடுகளை அதனுள் போட்டுவாருங்கள். குழந்தைகளின் கைக்கும் எட்டாது. நிறைய ஆண்டுகள் சென்றே அது நிறையும். நிறைந்தபின் பிளவை ஒட்டி மூடி, "உள்ளே பிளேடு இருக்கிறது" என்று வாயால் சொல்லித் தனியே கொடுங்கள்.

அடுத்த திங்கள் இப்பகுதியில், மழைக்காலத்தில் பருப்பும் அரிசியும் பூச்சி பிடியாது காக்கும் முறைகளைக் காண்போம்.