கயிற்றை யார் முதலில் விடுவது?

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத இருந்தேன். மூங்கிலும் தாளும் கொண்டு கப்பலையும் பாம்பையும் பறவையையும் செய்து வாடைக்காற்றில் நிறுத்தும் கைகளைப் பாராட்ட ஒரு பத்தி போதாது. ஆனால் எரிச்சல் முந்திக்கொண்டது. காரணம் அந்தக் காணொளி. 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டமொன்றை ஏற்றிய குழுவில் ஒருவர் கயிற்றோடு மேலே போய், அந்தரத்தில் தொங்கி, பிறகு விழுந்தாரே, அது. பொங்கல் வந்தால் அதுவும் வந்துவிடுகிறது, புதிய பின்னணிப் பாட்டோடும் புதிய நக்கலோடும். உலகத் தொலைக்காட்சிகள் வரைக்கும் போன யாழ்ப்பாணத்துச் செய்தி அது. விழுந்தவர் சிறிய காயங்களோடு பிழைத்ததால் நாமும் மனச்சாட்சி உறுத்தாமல் சிரித்தோம். இன்னும் சிரிக்கிறோம்.

சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. சிரிப்போடு விசயம் முடிந்துவிட்டதில்தான் கோபம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பழைய புலம்பல் தெரியும்: நம் பத்திரிகைகள் விபத்துச் செய்தியை 'தெய்வாதீனமாக உயிர் தப்பினார்' என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து மூடிவிடும். அறிய வேண்டியதெல்லாம் அந்தப் புள்ளிக்குப் பிறகுதான் இருக்கிறது. இந்தச் சம்பவத்தில் வெளிவந்தது என்ன? ஆறு பேர் பிடித்தார்கள், சணல் கயிறு, ஏறத்தாழ 40 அடி. அந்த உயரமும் செய்திக்குச் செய்தி மாறியது. அப்போது காற்று என்ன வேகம், பட்டத்தின் பரப்பு எவ்வளவு, பட்டத்தைக் கயிற்றோடு இணைக்கும் முச்சை எப்படிக் கட்டியிருந்தது, கயிற்றின் அடி எங்காவது பிணைக்கப்பட்டிருந்ததா, முதலில் கையை எடுத்தவர் ஏன் எடுத்தார்? அடுத்த பொங்கலுக்குப் பட்டம் கட்டுகிறவனுக்குத் தேவையான இந்த விபரங்களில் ஒன்றையேனும் நான் வாசித்த செய்திகளில் காணவில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது: விமானத்திலிருந்து பொழுதுபோக்குக்காகக் குதிக்கிறவர்கள். பட்டக்காரர் ஒருவர் தப்பித்தவறி ஒருமுறை செய்ததை அவர்கள் வாராவாரம் விரும்பிச் செய்கிறார்கள். அவர்களுடைய சாகசத்தைவிட அவர்களுடைய அறிக்கைகளில்தான் எனக்கு மோகம். அமெரிக்கப் பரசூட் சங்கம் தன் சஞ்சிகையில் விபத்துகளைத் தொடர்ந்து எழுதிவருகிறது. அலங்காரம் ஏதுமில்லாத எழுத்து. குதித்தவரின் வயது, இதுவரை எத்தனை தடவை குதித்தவர், எந்த உயரத்தில் என்ன பிழை நேர்ந்தது, அதற்கு அவர் என்ன செய்தார், எதைச் செய்யவில்லை. பிறகு, இதே நிலை வாசிப்பவருக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று சில வரிகள். பெயர் இல்லை. பழியும் இல்லை, அனுதாபமும் இல்லை. பரசூட் மடித்த முதுகுப்பையை மூடி வைத்திருப்பது விரல் நீளமுள்ள ஒரு மெல்லிய நூல் வளையமும் அதற்குள் செருகிய வளைந்த உருக்கு ஊசியும்தான். அந்த வளையம் எந்த அளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குக் கடுமையான விவாதப் பொருள். தேய்ந்த நூல் அறுந்து, விமானக் கதவருகே நிற்கும்போதே பரசூட் விரிந்தால் குதிப்பவரோடு விமானமும் போகலாம். ஆகவே பையைத் தோளில் போடுமுன் ஒரு தடவை, விமானத்தில் ஏறுமுன் ஒரு தடவை, கதவைத் திறக்குமுன் ஒரு தடவை என்று பார்க்கிறார்கள். ஆயிரம் தடவை குதித்தவரும் பார்க்கிறார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 1970களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டு ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 2023இல் ஏறத்தாழ 36 இலட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். முந்திய ஆண்டில் அது 20 ஆக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்ற இறக்கம் உண்டு, திசை மட்டும் தெளிவு. 'அது கருவிகளின் புண்ணியம், காகிதத்தின் புண்ணியமல்ல' என்று வாதாடலாம். பாதி உண்மை. வட்டப் பரசூட் போய்ச் சதுரப் பரசூட் வந்தது. குதித்தவர் மயங்கிவிட்டாலும் ஏறத்தாழ 750 அடியில் தானாகவே மாற்றுப் பரசூட்டைத் திறந்துவிடும் சைப்ரஸ் என்ற சின்னப் பெட்டி 1991இல் வந்தது. ஆனால் எந்த உயரத்தில் அது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, முன்பு செத்தவர்கள் எந்த உயரத்தில் எதைச் செய்யத் தவறினார்கள் என்று யாரோ எழுதி வைத்திருக்க வேண்டும். 2013இல் அனுபவசாலிகளும் 2,000 அடியில் அல்ல, 2,500 அடிக்குக் கீழே இறங்குமுன்பே பரசூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று விதியை உயர்த்தினார்கள். புதுவகைப் பரசூட்டுகள் மெதுவாக விரிகின்றன, பழைய உயரம் போதவில்லை. இதை எந்த அமைச்சரும் சொல்லவில்லை, குதிக்கிறவர்களே தங்களுக்கு விதித்துக்கொண்டார்கள்.

கருவியை மட்டும் நம்புவோருக்கு அவர்களிடையே ஒரு பழைய பதில் இருக்கிறது. இன்று உலகமெங்கும் பரசூட்டைக் கழற்றிவிடப் பயன்படும் மூன்று வளையப் பொறியைக் கண்டுபிடித்த பில் பூத், கருவி பாதுகாப்பானதாக ஆக ஆக மனிதர்கள் அதற்கேற்பத் துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள், சாவின் கணக்கு அப்படியே இருக்கும் என்று ஒரு விதியையே சொல்லி வைத்தார். கணக்கு குறைந்ததால் அந்த விதி முழுதாகப் பலிக்கவில்லை. ஆனால் ஒரு விசயத்தில் அவர் சரி: இன்று இறப்பவர்களில் கணிசமானோர் ஒழுங்காக விரிந்த பரசூட்டின் கீழேயே, தரைக்கு அருகில் வேகமாகத் திரும்ப முயன்று இறக்கிறார்கள். நைலோன் கயிறும் இழை பின்னிய கையுறையும் வந்துவிட்டால் நமது கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலமான கயிறு கிடைத்தால் பட்டத்தைப் பெரிதாகக் கட்டத்தானே கை துருதுருக்கும்?

பட்டத்துக்கே திரும்புகிறேன், ஆனால் விழாவுக்கு அல்ல, கயிற்றின் கீழ்நுனிக்கு. பத்துச் சதுர மீற்றர் பரப்புள்ள பட்டமொன்றை வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் அதன் இழுவை தோராயமாக 19 கிலோ எடைக்குச் சமம். ஒரு பெடியன் பிடிப்பான். காற்று 40 ஆனால் இழுவை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு: ஏறத்தாழ 75 கிலோ. ஆறு பேருக்கு இது விளையாட்டு. ஐந்து பேர் கையை எடுத்த கணத்தில் ஆறாவது ஆளின் எடையும் பட்டத்தின் இழுவையும் சரிக்குச் சரி, அடுத்த வீச்சில் அவர் மேலே. இதில் யாருடைய முட்டாள்தனமும் இல்லை, பெருக்கல் மட்டும்தான். 1932 மே 11ஆம் திகதி கலிபோர்னியாவில் அக்ரோன் என்ற அமெரிக்கக் கடற்படை ஆகாயக் கப்பலைத் தரையில் கட்ட முயன்றபோது நடந்ததும் இதுவே. கயிறுகளைப் பிடித்திருந்த மாலுமிகளில் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள், மூவர் விடவில்லை, கப்பல் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. இருவர் விழுந்து இறந்தார்கள். மூன்றாமவர் தன்னைக் கயிற்றோடு பிணைத்துக்கொண்டதால் நெடுநேரத்தின் பின் மேலே இழுத்தெடுக்கப்பட்டார்.

இயன் மக்யூவன் 1997இல் எழுதிய 'என்டியூரிங் லவ்' நாவலின் முதல் அத்தியாயம் இந்த நிமிடத்தைப் பற்றியது. பறக்கத் துடிக்கும் பலூன் ஒன்றின் கயிறுகளை அந்நியர்கள் சிலர் பிடிக்கிறார்கள், எல்லோரும் பிடித்தால் பலூன் அடங்கும், ஒருவர் விட்டாலும் மற்றவர்கள் விட வேண்டியதுதான், கடைசிவரை விடாதவர் சாகிறார். முதலில் விட்டது யார் என்ற கேள்வி நாவல் முழுக்கப் பிசாசாய் அலைகிறது. மீதிக் கதை எனக்கு அவ்வளவு உவப்பில்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் பட்டக் குழுக்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். நல்ல மனம் கொண்டவர்தான் கடைசிவரை பிடித்திருப்பார், ஆகவே நல்ல மனம்தான் ஆளைக் கொல்லும் என்ற கொடுமையை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன எழுத்தை நான் அறியேன். பரசூட்காரர்கள் இந்தக் கொடுமைக்கு இடம் வைக்காமல், முடிவை முன்கூட்டியே தரையில் எடுத்துவிடுகிறார்கள். முதல் பரசூட் சரியில்லையென்றால் எந்த உயரத்தில் அதைக் கைவிட்டு மாற்றுப் பரசூட்டுக்குப் போவது என்பதை மாணவன் விமானம் ஏறுமுன்பே மனப்பாடம் செய்திருப்பான்: 2,500 அடி. அந்த உயரம் வந்தபின் யோசிப்பதற்கு எதுவுமில்லை. பட்டத்துக்கு உயரம் தேவையில்லை, குதிகால் போதும். யாருடைய குதிகால் மணலை விட்டு எழும்பினாலும் குழுத்தலைவர் ஒரே குரலில் 'விடு' என்பார், எல்லாக் கையும் ஒன்றாய்த் திறக்கும், கயிற்றின் அடி ஏற்கெனவே ஒரு முளையில் பிணைத்திருக்கும். 40 அடியிலிருந்து விழுபவர் மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தைத் தொடுவார். ஒரு முழத்திலிருந்து விழுபவர் சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழும்புவார்.

வல்வெட்டித்துறைக்காரருக்குக் காற்றையும் கயிற்றையும் பற்றிப் பாடம் சொல்ல நீ யார் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்ற அன்னபூரணி பாய்க்கப்பல் அந்த ஊரில் கட்டப்பட்டது. பாயின் இழுவையை உள்ளங்கையில் அறிந்த பரம்பரை அது. அதனால்தான் கேட்கிறேன்: கடலோடிகள் எந்தத் திசைக் காற்று, எந்த நாழிகையில் என்ன உடைந்தது என்று குறிப்பேட்டில் எழுதாமல் பெருங்கடல் தாண்டுவதில்லையே, பட்டத்துக்கு மட்டும் ஏன் வாய்வழக்கு? வாய்வழக்கில் வெற்றிதான் தங்கும். எத்தனை பேர் பிடித்த எந்தப் பட்டம் எந்த ஆண்டு பரிசு வாங்கியது என்பதைச் சொல்ல ஆளுண்டு. கை உரிந்தது, முச்சை அறுந்து பட்டம் மின்கம்பியில் விழுந்தது, ஆள் இழுபட்டது என்பவை அன்றைக்கே சிரித்து மறக்கப்படும்.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. எழுதத் தொடங்கினால் பொலிஸ் வரும், பிரதேச சபை வரும், அனுமதிச் சீட்டு வரும், கடைசியில் பட்டமே நிற்கும் என்பார்கள். எங்கள் மண்ணில் அதிகாரத்தைப் பற்றிய இந்தப் பயத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் நடந்ததைப் பார்த்தால், தாமாக எதையும் எழுதாமலும் அடக்காமலும் விட்ட இடத்தில்தான் தடைகள் வருகின்றன. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் இந்தியாவில் கழுத்துகளை அறுத்துக்கொண்டேயிருந்தது. பட்டக்காரர்கள் தாமாக அதை அடக்கவில்லை. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் நைலோன் மாஞ்சாவைத் தடை செய்தது. இங்கே 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகித் திறந்தது. விமானங்கள் கூடக் கூட, வடமராட்சி வானத்தில் இரவிரவாய், ஒலியெழுப்பும் விண் நாடா கூவ நிற்கும் பட்டங்களைப் பற்றி யாராவது ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள். பத்து வருடக் குறிப்பேட்டைக் கையில் வைத்திருக்கும் குழுவுக்கு அன்று பேச இடம் கிடைக்கும். 'எங்கட அப்பாவும் விட்டவர்' என்பதை மட்டும் வைத்திருப்பவருக்குச் சுற்றறிக்கை கிடைக்கும்.

மிஞ்சுவது வெட்கம். சின்ன ஊர், யார் விழுந்தார் என்பது அன்று பின்னேரமே சந்திவரை போய்விடும், பிறகு அந்தாளின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரும் எழுத முன்வராததற்கு உண்மைக் காரணம் இதுவென்றே நினைக்கிறேன். அமெரிக்கச் சஞ்சிகையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது: பெயரை நீக்கிவிட்டு எழுதுவது. 2021இல் நாம் செய்தது தலைகீழ். ஆளின் பெயரும் முகமும் கண்டம் தாண்டின, கயிற்றின் தடிப்பு ஊர் தாண்டவில்லை. சனசமூக நிலையத்தில் ஒரு சாதாரணக் கொப்பி போதும். திகதி, காற்று, பட்டத்தின் நீள அகலம், கயிறு, எத்தனை பேர், 'விடு' சொன்னது யார், என்ன நடந்தது. மார்கழியில் முதல் பட்டம் ஏறும் நாளிலேயே அதைத் திறந்து வைக்கலாம். முதல் பக்கத்தை இப்போதே நிரப்பவும் வழியுண்டு. அன்று அந்தக் கயிற்றைப் பிடித்தவர்களில் யாராவது இதை வாசித்தால், மேலே நான் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் தெரிந்தவரை பதில் எழுதிப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் இந்த இடத்தில் அதையே போடுகிறேன். கடிதத்தில் உங்கள் பெயர் வேண்டாம்.