மாங்க்கின் கோணல் மெட்டுகள்

"மெட்டு பிரமாதம், ஆனா மனுஷனுக்கு பியானோ வாசிக்கத் தெரியாது." தெலோனியஸ் மாங்க்கைப் பற்றி ஜாஸ் ரசிகர்களில் ஒரு கோஷ்டி ரொம்ப காலமாக அடித்துவரும் ஜல்லி இது. 'ரவுண்ட் மிட்நைட்'டை மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட்டில் ஊதினால் உருகுவார்கள். அதையே மாங்க் தனியாகப் பியானோவில் வாசித்தால் முகம் சுளிப்பார்கள். (அந்த மெட்டுக்குப் பலரும் வாசிக்கும் துவக்க இசை டிஸ்ஸி கில்லஸ்பி சேர்த்தது. அதையும் மாங்க் கணக்கில் எழுதிப் பாராட்டுவார்கள்!)

பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது கைதவறி வந்ததல்ல ஐயா. அந்த உரசல்தான் மெட்டில் பாதி. அதை இழைத்து வழவழப்பாக்கினால் மிஞ்சுவது ஓட்டல் வரவேற்பறை சங்கீதம். 1948ல் பதிவான 'மிஸ்டீரியோசோ'வைக் கேளுங்கள். சுரங்கள் ஜோடி ஜோடியாகப் படியேறி இறங்கும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும்.

விளையாட்டா அது? 1956ல் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' பதிவின்போது சாக்ஸபோனில் சோனி ராலின்ஸ், டிரம்ஸில் மாக்ஸ் ரோச். இப்பேர்ப்பட்ட ஆட்கள் 25 தடவை முயன்றும் ஒரு டேக்கூட முழுசாகத் தேறவில்லை. கடைசியில் துண்டுகளை வெட்டி ஒட்டித்தான் இசைத்தட்டு வந்தது. இதற்கு முந்தைய வருடம்தான், நூற்றுச் சொச்சம் டாலருக்கு மாங்க்கை ஒரு கம்பெனி கைகழுவியிருந்தது. 1964ல் 'டைம்' அட்டையில் படம் வந்ததும் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அவருடைய தொப்பிகளைப் பற்றிப் பேசினார்கள்.

ஒழுங்காகக் கேட்டவர்களும் உண்டு. 1958ல் ஸ்டீவ் லேசி என்ற சாக்ஸபோன்காரர் ஒரு தட்டு முழுக்க மாங்க் மெட்டுகளையே வாசித்தார். ஒரு கோணலைக்கூட அவர் நிமிர்த்தவில்லை.