பெரியவர்களுக்கும் பாடம் வேண்டும்

"உங்கள் மீது வழக்கு இருக்கிறது. கதவைச் சாத்துங்கள். யாரிடமும் சொல்லக் கூடாது!"

கைப்பேசியில் போலீஸ் உடுப்போடு தோன்றி ஒருவன் இப்படி மிரட்டுகிறான். "டிஜிட்டல் கைது" என்கிறான். பென்ஷன் வாங்கும் பெரியவர் நடுங்கிப் போகிறார். ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தை அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிடுகிறார்.

நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27-ந் தேதி வானொலிப் பேச்சில் பிரதமர் மோடியே இதைச் சொல்லி எச்சரித்தார். ஆனால், எச்சரிக்கை மட்டும் போதாது. பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

கேரளத்தில் புல்லம்பாறை ஊராட்சி அதைச் செய்து காட்டியது. தொண்டர்கள் வீடு தேடிச் சென்று முதியோருக்கும் கைப்பேசிப் பாடம் நடத்தினார்கள். 2022-ல் அந்த ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நம் ஊர் நூலகங்களிலும் இத்தகைய வகுப்பு ஏன் நடக்கக் கூடாது?

பாடம் பெரிதல்ல. பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டாம். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ஏமாந்த பெற்றோரைத் திட்டாதீர்கள். திட்டுக்கு அஞ்சுபவர் அடுத்த முறையும் மறைப்பார். மோசக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். கைபிடித்து நமக்கு "அ" எழுதப் பழக்கியவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பத்து நிமிடம் சொல்லித்தர நமக்குப் பொறுமை இல்லையா?