பால்பல்லும் மஞ்சளும் எலும்பும்

உங்கள் வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ பால்பல் விழுந்தால் என்ன செய்கிறார்கள்? சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். இன்று பல வீடுகளில் கூரையும் இல்லை, சாணியும் இல்லை. பல் குப்பைக்குப் போகிறது.

ஆனால் அந்தச் சிறு பல்லுக்குள் எலும்பு வளர்ச்சிக்கு உதவக்கூடிய செல்கள் இருக்கின்றன. மஞ்சள், தேயிலை, திராட்சை, வெங்காயம் முதலியவற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களைக் கொண்டு அச்செல்களை எலும்பு உருவாக்கும் வழியில் திருப்பலாம் என்று ஆய்வுகள் வந்தவண்ணம் இருக்கின்றன. செய்தித்தாள் இவற்றை 'மஞ்சளால் எலும்பு வளரும்' என்று சுருக்கி வெளியிடுகிறது. இத்தகைய செய்தியை எப்படிப் படிப்பது என்பதே என் கட்டுரையின் பொருள். நான் இயற்பியல் கற்பிப்பவன். எங்கள் துறையில் எதைக் கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு? அந்தக் கேள்வியோடுதான் இங்கும் நுழைகிறேன்.

பல்லுக்குள் இருக்கும் விதைநெல்

பல்லின் வெளிப்புறம் கடினமானது. அதன் நடுவில் பற்கூழ் என்னும் மென்மையான திசு உண்டு. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதில்தான் உள்ளன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய குரோந்தோஸ், ஷி முதலிய ஆய்வாளர்கள் இப்பற்கூழில் ஸ்டெம் செல்கள் இருப்பதை அறிவித்தனர். ஸ்டெம் செல் என்பதை மூலச்செல் எனலாம். தன்னைப்போன்ற செல்களையும் உண்டாக்கும். வேறு தொழில் செய்யும் செல்லாகவும் மாறும். உழவர் வீட்டு விதைநெல்லைப் போன்றது.

2003ஆம் ஆண்டில் ஷியின் குழுவினர் பால்பற்களிலும் இத்தகைய செல்களைக் கண்டனர். தம் மகளின் விழுந்த பல்லில் சிவந்த திசு ஒட்டியிருந்ததைக் கண்டே ஷி இந்த ஆய்வில் இறங்கினார். ஒரு வெட்டுப்பல்லிலிருந்து கிடைத்த, வளர்ந்து பெருகக்கூடிய செல்கள் எத்தனை தெரியுமா? ஏறக்குறைய 12 முதல் 20 வரைதான்! அவற்றைச் சோதனைச்சாலையில் பெருக்கித்தான் பயன்படுத்த வேண்டும்.

அச்செல்களைத் தக்க தாங்கு பொருளுடன் சேர்த்துச் சுண்டெலிகளின் உடலில் வைத்தார்கள். அங்கே எலும்பு உண்டாயிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, அந்த எலும்பைக் கட்டியவை சுண்டெலியின் சொந்தச் செல்கள் என்று தெரிந்தது. பால்பல்லின் செல்கள் அவற்றை அழைத்து வேலை வாங்கியிருந்தன. கட்டட வேலையில் கல் வைப்பவர் கொத்தனார், ஆள் சேர்ப்பவர் மேஸ்திரி அல்லவா? இங்கே பல்லின் செல் மேஸ்திரி வேலை பார்த்தது. 'பல் எலும்பாக மாறியது' என்று ஒரு செய்தி கூறினால் அது பாதி உண்மைதான்.

செல்லுக்கு வழிகாட்டுவது எப்படி?

சோதனைச்சாலையில் இதற்கு ஒரு வழக்கமான முறை உண்டு. செல்கள் வளரும் திரவத்தில் மூன்று பொருள்களைச் சேர்ப்பார்கள்: வைட்டமின் சி, பாஸ்பேட் தரும் ஓர் உப்பு, டெக்சாமெத்தசோன் என்னும் மருந்து. இரண்டு மூன்று வாரங்களில் செல்கள் தம்மைச் சுற்றிக் கால்சியத் தாதுவைப் படியவிடும்.

இதில் வைட்டமின் சி ஓர் இயற்கைப் பொருள் என்பதைக் கவனியுங்கள். எலும்பின் நார்ப்பகுதியான கொலாஜன் சரியாக உருவாவதற்கு அது தேவை. அது கிடைக்காத மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்ததும், ஈறுகள் கெட்டுப் பற்கள் விழுந்ததும் நீங்கள் படித்தவையே. ஆகவே, தாவரங்களில் உள்ள ஒரு பொருள் எலும்பு உருவாக்கத்துக்கு உதவும் என்பதில் நம்ப முடியாதது ஏதுமில்லை.

கால்சியம் படிந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அலிசரின் வழிவந்த ஒரு சிவப்புச் சாயத்தை ஊற்றுகிறார்கள். கால்சியம் உள்ள இடம் சிவக்கும். இதன் பின்னணியில் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1736ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர், துணிக்குச் சாயமிடுபவர் ஒருவர் வீட்டு விருந்தில் பன்றியின் எலும்புகள் சிவந்திருப்பதைக் கண்டார். சாயவேர்ப் பொடி கலந்த தீவனத்தை அப்பன்றிகள் தின்றிருந்தன. அந்த வேரின் நிறப்பொருளே அலிசரின். நம் சோழமண்டலக் கரையில் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இது உண்டு. எலும்பு எங்கே, எப்படி வளர்கிறது என்பதை மனிதனுக்குக் காட்டிக்கொடுத்ததே ஒரு தாவரப் பொருள்தான்!

புதிய பொருள்களைத் தேடுவது ஏன்?

1965ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கும் புதிய எலும்பு உண்டாவதைக் காட்டினார். அதற்குக் காரணமான புரதங்களில் ஒன்றைப் பின்னர் செயற்கையாகத் தயாரித்தார்கள். 2002இல் அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவைக்கு அதைப் பயன்படுத்த ஒப்புதல் கிடைத்தது. விலையோ மிக அதிகம். கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது ஆபத்தான வீக்கம் உண்டாவதாக 2008இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே எச்சரித்தது. டெக்சாமெத்தசோனும் நீண்ட நாள் உட்கொண்டால் எலும்பைப் பலவீனப்படுத்தும் மருந்து.

எனவே விலை குறைந்த, தீங்கு குறைந்த வழிகாட்டிகளைத் தேடுகிறார்கள். மஞ்சளின் குர்க்குமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெராட்ரால், வெங்காயத்தின் குவர்செட்டின், பச்சைத் தேயிலையின் கேட்டச்சின் ஆகியவை இத்தேடலில் அடிபடும் பெயர்கள். இது வீண் வேலை அன்று. வாய்ப்புற்றால் தாடை எலும்பை இழந்தவர்களையும், விபத்தில் முகம் சிதைந்தவர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் மெல்லவும் பேசவும் ஒரு வழி கிடைக்குமானால் எந்தச் செடியிலும் தேடலாம்.

ஒரே விஞ்ஞானி, மூன்று பொருள்கள்

ஆனால் 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்று யாரேனும் சொன்னால் அவர்களுக்கு பெலத்தியேயின் கதையைச் சொல்லுங்கள். இவர் பிரெஞ்சு வேதியியலாளர். 1815இல் ஃபோகல் என்பவருடன் சேர்ந்து மஞ்சளின் நிறப்பொருளைப் பிரித்தார். 1818இல் கவாந்துவுடன் சேர்ந்து ஸ்ட்ரிக்னினைப் பிரித்தார். நம் எட்டி மரத்தின் விதையில் உள்ள கொடிய நஞ்சு அதுதான். 1820இல் அதே இருவரும் சின்கோனா பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது.

ஐந்து ஆண்டுகளில் ஒரு சமையற்பொருள், ஒரு நஞ்சு, ஒரு மருந்து! மூன்றும் இயற்கையானவை. 'இயற்கை' என்ற சொல் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறது. அது என்ன செய்யும் என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சோதனைத் தட்டில் குர்க்குமினின் செறிவு 10 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு நிறை 368. எனவே ஒரு லிட்டர் திரவத்தில் ஏறத்தாழ 3.7 மில்லிகிராம். மிகச் சிறிய அளவுதானே, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளில் இதைப்போலப் பல மடங்கு இருக்குமே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் தட்டில் உள்ள செல் அந்தத் திரவத்திலேயே மூழ்கிக் கிடக்கிறது. நாம் விழுங்கும் குர்க்குமினோ குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்ட சிறு பகுதியையும் கல்லீரல் விரைவில் மாற்றிவிடுகிறது. கிராம் கணக்கில் விழுங்கினாலும் ஒரு லிட்டர் இரத்தத்தில் மைக்ரோகிராம் கணக்கில்தான் அது காணப்படுகிறது. ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம் உண்டு என்பதை மறவாதீர்கள். மஞ்சள் பால் குடித்தால் தாடை எலும்பு வளரும் என்ற பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

சரி, விழுங்காமல் காயத்திலேயே வைத்தால்? நல்ல கேள்வி. ஆய்வாளர்கள் செய்வதும் அதுதான். கொலாஜன் பஞ்சிலோ, எலும்புத் தாதுவை ஒத்த பீங்கான் துண்டிலோ மருந்தை ஏற்றி, செல்களையும் சேர்த்து வைக்கிறார்கள். அப்போதும் 'எவ்வளவு?' என்ற கேள்வி விடுவதில்லை. ஒரு நாளில் எவ்வளவு வெளிவரும்? எத்தனை நாள் நீடிக்கும்? குறைந்த செறிவில் செல்லைத் தூண்டும் பொருள் அதிகச் செறிவில் செல்லைக் கொன்றுவிடுவதும் உண்டு. குர்க்குமினுக்கு இன்னொரு சிக்கல்: புரதம் கலக்காத, இரத்தத்தின் காரத்தன்மையை ஒத்த கரைசலில் அரை மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. மேலும், அது தானே ஒளிரும் பொருளாதலால் ஒளியால் அளக்கும் சில கருவிகளை ஏமாற்றவும் கூடும். இவற்றையெல்லாம் 2017இல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் விரிவாக எடுத்துக்காட்டினர்.

பிரண்டை சொல்லும் பாடம்

நமக்குத் தெரிந்த பிரண்டையை இந்தியில் ஹட்ஜோட் என்பார்கள். எலும்பை இணைப்பது என்று பொருள். பெயரே சான்று என்று இருந்துவிடாமல், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960களில் அதைச் சோதித்தனர். எலும்பு முறிந்த விலங்குகளுக்குப் பிரண்டைச் சாற்றைக் கொடுத்தனர். சேர்ந்த எலும்பின் வலிமையை இயந்திர முறையில் அளந்தனர். கால்சியம்-45 என்னும் கதிரியக்கக் கால்சியத்தைச் செலுத்தி, அது எலும்பில் சேருவதைக் கண்காணித்தனர். இதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 163 நாட்கள். சில வாரங்கள் நடக்கும் சோதனைக்கு ஏற்ற காலம் அல்லவா?

அவர்கள் எலும்பு விரைவில் சேருவதாகக் கண்டனர். இது மதிக்கத்தக்க தொடக்கம். ஆனால் பிரண்டையில் பல பொருள்கள் உள்ளன; எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது என்பதைத் தனியே பிரித்துக் காட்டவேண்டும். துவையலுக்காகப் பிரண்டை நறுக்கும்போது கை அரிப்பதும் அதில் உள்ள ஓர் இயற்கைப் பொருளால்தான்!

தரையின் கடினமும் வழிகாட்டும்

வேதிப் பொருள் மட்டுமே செல்லுக்கு வழிகாட்டும் என்று எண்ணாதீர்கள். 2006ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டிஷர் குழுவினர் எலும்பு மச்சையின் மூலச்செல்களை வெவ்வேறு கடினமுள்ள கூழ்மங்களின்மேல் வளர்த்தனர். மூளையைப்போல மிருதுவான பரப்பில் (சுமார் 1 கிலோபாஸ்கல் வரை) செல்கள் நரம்பு செல்லின் போக்கைக் காட்டின. சுமார் 10 கிலோபாஸ்கலில் தசையின் போக்கு. 25 முதல் 40 கிலோபாஸ்கலில் எலும்பின் போக்கு! செல் தன் காலடியை அழுத்திப் பார்த்து முடிவு செய்கிறது. பாஸ்கல் என்ற அலகை நீங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது ஒரு செல்லின் எதிர்காலத்தையும் தீர்மானிக்கிறது.

மனிதரில் என்ன நடந்தது? இத்தாலியில் நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள், ஞானப்பல் எடுத்த இடத்தில் பற்கூழ் செல்களைக் கொலாஜன் பஞ்சில் வைத்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். எலும்பு வளர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குப்பின் எடுத்த மாதிரியை எக்ஸ்-கதிர்களால் முப்பரிமாணத்தில் ஆராய்ந்தபோது, அங்கே இயல்பாக இருக்கவேண்டிய பஞ்சுபோன்ற எலும்புக்குப் பதிலாக நெருக்கமான எலும்பு இருந்தது. எலும்பு வந்ததா என்பது ஒரு கேள்வி. சரியான எலும்பா என்பது அடுத்த கேள்வி. இரண்டாவதைக் கேட்டவர்களாலேயே விஞ்ஞானம் முன்னேறியது.

பெற்றோரின் பணம்

இது வெறும் ஏட்டு விவாதம் அன்று. 'குழந்தையின் பால்பல்லைச் சேமித்து வையுங்கள், பிற்காலத்தில் எந்த நோய்க்கும் உதவும்' என்று கூறிப் பணம் வாங்கும் வியாபாரமும் உலகில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், தொப்புள்கொடி இரத்தத்தைத் தவிர, பற்கூழ் உட்பட வேறு எதையும் வணிக முறையில் சேமித்து வைக்க இடம் தரவில்லை. குழந்தையின் நலம் என்றால் நம் பெற்றோர் கடன் வாங்கியேனும் கொடுப்பார்கள். அவர்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்ல வீட்டில் படித்த பிள்ளை ஒன்று வேண்டும். அந்தப் பிள்ளை நீங்களாக இருங்கள்.

என் கருத்து இதுதான். இயற்கைப் பொருள்களைக் கொண்டு பல்லின் மூலச்செல்களை வழிநடத்தும் ஆராய்ச்சி தொடர வேண்டும். நம் நாட்டில் இன்னும் மிகுதியாக நடக்க வேண்டும். ஆனால் மூலிகையின் பெருமையாலோ, பாட்டி சொன்னார் என்பதாலோ அதற்கு மதிப்பெண் கூட்டிப் போடக்கூடாது, குறைத்தும் போடக்கூடாது. அடுத்தமுறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சோதனை எதில் நடந்தது: தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எவ்வளவு கொடுத்தார்கள்? கொடுக்காதவற்றோடு ஒப்பிட்டார்களா? எத்தனை நாள் கழித்துப் பார்த்தார்கள்?

நான்குக்கும் விடை இருந்தால் அச்செய்தியை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுங்கள். விடை இல்லையென்றால் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டி, வகுப்பில் அனைவரும் சேர்ந்து விவாதியுங்கள்.